மனநல வார்டு அட்டெண்டர் வேலை: பார்ப்பதும் எழுதுவதும்

15 நிமிட ரவுண்ட்ஸ் (ஒவ்வொரு நோயாளியையும் நேரில் பார்த்து சார்ட்டில் குறிப்பது) என்றால் 10:00, 10:15, 10:30 என்று கடிகாரம் பார்த்துப் போவதல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பவர் அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார். 15 என்பது உச்ச வரம்பு. 8 நிமிடத்தில் ஒரு முறை, 13-இல் ஒரு முறை என்று மாற்றிப் போங்கள், எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறீர்கள் என்பதையும் மாற்றுங்கள். சார்ட்டில் நேரத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்கவே கூடாது.

இரவில் கட்டிலில் உருவம் தெரிந்ததும் டிக் அடித்துவிட்டு நகர்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. போர்வைக்குள் தலையணை மட்டும் இருக்கலாம். நெஞ்சு மூன்று முறையாவது ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டில். முகமும் கழுத்தும் தெரியவில்லையா, போர்வையை மெல்ல விலக்கியே ஆக வேண்டும். தூக்கம் கலைந்து திட்டினாலும் பரவாயில்லை. டார்ச்சைச் சுவரில் அடியுங்கள், அந்த வெளிச்சம் போதும்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோரும் நர்ஸ் மேசையைச் சுற்றி நிற்பார்கள். அப்போதும் ஒருவர் வார்டுக்குள் இருந்தாக வேண்டும். சாப்பாடு முடிந்ததும் ஸ்பூனை எண்ணாமல் கதவைத் திறக்காதீர்கள்.

ஆத்திரத்தில் இருப்பவரிடம் ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு கை நீளம் தள்ளி, சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள். வாசலை மறைக்காதீர்கள், அவருக்கும் வழி வேண்டும், உங்களுக்கும் வேண்டும். வேறு வழியே இல்லாமல் பிடிக்க நேர்ந்தால் கவிழ்த்துப் போட்டு முதுகில் அழுத்தக் கூடாது, மூச்சு நின்றுவிடும். "பேசுகிறாரே, மூச்சு விடத்தானே செய்கிறார்" என்று நினைப்பது உயிரைப் பறிக்கும் தவறு. 'மூச்சு முட்டுகிறது' என்றால் அந்த நொடியே பிடியைத் தளர்த்துங்கள்.

மருந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கிய முதல் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ கண் மேலே சொருகினாலோ அது நடிப்பல்ல, பக்கவிளைவு. உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், ஊசி போட்டால் சரியாகும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குளோசபின் என்ற மனநோய் மருந்தை எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் சாதாரணமில்லை. மலச்சிக்கலும் அப்படித்தான், குடலடைப்பு வரை போகும்.

எழுதும்போது கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். 'படபடப்பாக இருந்தார்' என்றால் மருந்தைக் கூட்டிவிடுவார்கள். '4:10 முதல் 4:30 வரை வராந்தாவில் நடந்தார், உட்கார்ந்தாலும் ஒரு நிமிடத்தில் எழுந்தார், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி ஊன்றினார், கோபமாகப் பேசவில்லை' என்று எழுதினால், அந்த மருந்தே அவரை உட்காரவிடாமல் செய்கிறதோ என்று டாக்டர் யோசிப்பார். அப்படி இருந்தால் மருந்தைக் கூட்டுவது தவிப்பை இன்னும் அதிகமாக்கும்.