பிஸ்கட் டப்பா கிட்டார்: ஒரே இரைச்சல், கீழ்த்தந்தி கேட்கவே இல்லை. அவசர உதவி தேவை

தகரத்தந்தி (புதியவர்), புதன் இரவு 9:40
வணக்கம். பழைய பிஸ்கட் டப்பாவில் மூன்று தந்தி கிட்டார் செய்திருக்கிறேன். உள்ளே பீசோ (அதிர்வை மின்சாரமாக்கும் தட்டு) ஒட்டி, ஒயர் செருக ஜாக் வைத்து, ஸ்பீக்கரில் செருகினால் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். அதற்கு நடுவே வரும் தந்தி ஒலியும் கொசு மாதிரி மெல்லிசாக இருக்கிறது. மூடியை விரலால் தட்டினால் மட்டும் நன்றாகக் கேட்கிறது. எல்லாம் சரியாகத்தான் இணைத்திருக்கிறேன், மூன்று முறை பார்த்துவிட்டேன். சனிக்கிழமை மாலை மகள் இதை மேடையில் வாசிக்க வேண்டும். என்ன செய்யலாம்?

மூங்கில்75, 9:52
எந்த ஸ்பீக்கர்? பேட்டரியில் ஓடுகிறதா, கரன்ட்டிலா? பீசோவை எங்கே, எதை வைத்து ஒட்டினீர்கள்? முடிந்தால் ஒரு படம் போடுங்கள்.

சுருள்பித்தன், 10:05
பீசோவோடு போராடாதீர்கள். தந்தி இரும்பாக இருந்தால் ஒரு காந்தத்தைச் சுற்றி மெல்லிய எனாமல் கம்பியை ஆறாயிரம் சுற்று சுற்றுங்கள். நான் பழைய ரிலேயில் இருந்து பிரித்த கம்பியிலேயே சுற்றினேன். வரும் ஒலியில் உடம்பு இருக்கும். பீசோவில் அது ஒருநாளும் வராது.

மூங்கில்75, 10:09
சனிக்கிழமைக்குள் ஆறாயிரம் சுற்றா? அவருக்கு இருப்பது மூன்று நாள்.

பசைவாளி, 10:20
எனக்கென்னவோ பசை மேல்தான் சந்தேகம். பஞ்சு வைத்த இரட்டைப் பக்க டேப்பா? அது அதிர்வை எல்லாம் விழுங்கிவிடும். பீசோ தகரத்தோடு கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும். என் சிகரெட் பெட்டி கிட்டாரில் டேப்பைப் பிய்த்துவிட்டு சூப்பர் க்ளூ போட்டதும் ஒலி இரண்டு மடங்கானது.

ஈயப்பற்று (நீண்டநாள் உறுப்பினர்), 10:48
வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், ஒருவரும் பழைய விவாத இழைகளைப் படிப்பதில்லை. தம்பி, 'சரியாகத்தான் இணைத்திருக்கிறேன்' என்பது தகவல் ஆகாது. சரியாக இருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று எழுதுங்கள். பிறகு ஒரு சோதனை: இரைச்சல் கேட்கும்போது ஜாக்கின் வெளி உலோகத்தைத் தொடுங்கள், அடுத்து டப்பாவைத் தொடுங்கள். இரண்டிலும் என்ன மாறுகிறது என்று சொல்லுங்கள். அதுவரை மற்றவர்கள் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

தகரத்தந்தி, வியாழன் காலை 6:15
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஸ்பீக்கர் பழைய கணினியுடையது, அடாப்டரில் ஓடுகிறது. பீசோ கெட்டுப்போன அலாரத்தில் இருந்து எடுத்த பித்தளைத் தட்டு, 27 மி.மீ. மூடியின் உள்பக்கம் பிரிட்ஜுக்கு (மூடி மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) நேர் கீழே சூப்பர் க்ளூவில் ஒட்டியது. சிவப்பு ஒயர் ஜாக்கின் முனைக்கு, கருப்பு ஒயர் அதன் உடலுக்கு. ஜாக்கை டப்பாவில் துளை போட்டு நட்டு வைத்து முறுக்கியிருப்பதால் டப்பாவும் கிரவுண்ட் (ஜாக்கின் உடலோடு ஒரே இணைப்பு) ஆகிவிட்டது. ஜாக்கைத் தொட்டால் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. டப்பாவைத் தொட்டால் மாற்றமே இல்லை. அப்புறம் மேல் மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள்) சுருதியும் சேரவில்லை. கழுத்து பழைய கட்டில் சட்டம், மெட்டுகள் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. 640 மி.மீ. தந்தி நீளத்தை 18-ஆல் வகுத்து முதல் மெட்டு, மிஞ்சிய நீளத்தை மறுபடி 18-ஆல் வகுத்து அடுத்த மெட்டு என்று வைத்தேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈயப்பற்று, 7:30
விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஜாக்கைத் தொட்டால் குறைகிறது, டப்பாவைத் தொட்டால் குறையவில்லை என்றால் இரண்டுக்கும் தொடர்பு இல்லை. டப்பா கிரவுண்ட் ஆகவில்லை, ஆகிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிஸ்கட் டப்பாவின் வெளியே அச்சு மை, உள்ளே பெரும்பாலும் மெல்லிய தங்க நிற வார்னிஷ் பூச்சு. உங்கள் நட்டு அந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இப்போது டப்பா கவசமாக இல்லை, வீட்டு மின்சார இரைச்சலை வாங்கிப் பீசோவுக்குக் கொடுக்கும் ஏரியலாக இருக்கிறது.

ஜாக்கைக் கழற்றி, துளையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேயுங்கள். தங்க நிறப் படலம் போய் வெள்ளையாகப் பளபளக்க வேண்டும். மூடிக்கும் தனி ஒயர் தேவை, ஏனென்றால் மூடியின் விளிம்பிலும் பூச்சு உண்டு. தந்திகள் மாட்டியிருக்கும் திருகுக்கும் ஒன்று இழுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் உடலிலும் மறுமுனையை மூடியிலும் வையுங்கள், பீப் வந்தால் முடிந்தது.

மூங்கில்75, 7:44
அருமை. நட்டுக்கு அடியில் பல் வைத்த வாஷர் போட்டால் தகரத்தை நன்றாகக் கடிக்கும். பீசோவில் மறுபடி சால்டர் வைக்க வேண்டி வந்தால் நடுவில் உள்ள வெள்ளி வட்டத்தில் இரண்டு நொடிக்கு மேல் இரும்பை வைக்காதீர்கள். சூடு ஏறினால் பீசோ தன்மையே போய்விடும்.

நீளஒயர், 8:10
மெல்லிசாகக் கேட்பதற்குக் காரணம் ஒயர் நீளம். நீளமான ஒயர் ஒலியைத் தின்றுவிடும். ஒரு மீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

ஈயப்பற்று, 8:31
தவறு. நீள ஒயர் மேல் ஒலியைத் தின்பது சுருள்பித்தன் சொன்ன காந்தச் சுருள் பிக்கப்பில். பீசோ தானே ஒரு கெபாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்குவது), ஒயர் நீண்டால் மொத்த அளவுதான் கொஞ்சம் குறையும். அவருக்குப் போயிருப்பது கீழ் ஒலி. கணக்கைப் பாருங்கள். அந்த அளவு பீசோ சுமார் 20 நானோஃபாரட். கணினி ஸ்பீக்கரின் உள்ளீட்டு மின்தடை 10 கிலோஓம் என்று வைத்துக்கொண்டால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். கீழ்த்தந்தி 98 ஹெர்ட்ஸில் இருந்தால் அதன் அடி ஒலியில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். உள்ளீடு 1 மெகாஓம் ஆனால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நடுவில் ஒரு பஃபர் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தகரத்தந்தி, 8:40
பஃபர் என்றால்?

மூங்கில்75, 8:58
பீசோவுக்குப் பாரமாக இல்லாமல், ஸ்பீக்கருக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்கும் சின்ன சுற்று. ஒரு ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்; கேட், சோர்ஸ், டிரெயின் என்று மூன்று கால்) போதும், நான் 2என்5457 போட்டேன். பீசோ கேட்டுக்குப் போகும். கேட்டில் இருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம், சோர்ஸில் இருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோஓம், டிரெயினுக்கு 9 வோல்ட் பேட்டரி. சோர்ஸில் இருந்து ஒரு 10 மைக்ரோஃபாரட் வழியாக ஜாக்குக்கு. எல்லாவற்றையும் டப்பாவுக்குள்ளேயே வையுங்கள்.

நேரம் இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் கிட்டார் ஆம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் உள்ளீடு வழக்கமாகவே 1 மெகாஓம் அளவில் இருக்கும், பஃபரே வேண்டாம்.

மெட்டுக்கணக்கு, 11:15
இரைச்சலை விடுங்கள். 18-ஆல் வகுத்தேன் என்கிறாரே, அதை யாருமே கேட்கவில்லையா? வகுக்க வேண்டியது 17.817. 640 மி.மீ. நீளத்தில் 18 வைத்துப் போனால் 12ஆம் மெட்டு பாதியில் விழாது, 2.3 மி.மீ. முன்னாலேயே விழும். சுருதி சுமார் 12.5 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். எல்லா மெட்டையும் பிடுங்கிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும்.

பழையமரம், 11:40
பிடுங்க வேண்டாம். 18 ஒன்றும் அறியாமை இல்லை. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி 1581-லேயே லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கு 18-க்கு 17 என்ற விகிதத்தை எழுதியிருக்கிறார். தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டு சுருதி கொஞ்சம் ஏறும். 18-இல் வரும் இறக்கத்தை அந்த ஏற்றம் ஓரளவு சரிக்கட்டும்.

மெட்டுக்கணக்கு, 11:52
'ஓரளவு' என்பது கணக்கா? எவ்வளவு ஏறும் என்பது தந்தியின் உயரத்தையும் தடிமனையும் பொறுத்தது. அதை பிரிட்ஜில் சரிசெய்ய வேண்டும், மெட்டில் தவறு வைத்துக்கொண்டு அதற்குக் காரணம் தேடக் கூடாது.

பழையமரம், மதியம் 12:20
வீணையில் 24 மெட்டையும் மெழுகில் பதித்து, காதால் கேட்டுத்தான் நகர்த்தி வைக்கிறார்கள். அங்கே யார் 17.817 கேட்கிறார்கள்?

மெட்டுக்கணக்கு, 12:31
அங்கே மெட்டு நகரும். இங்கே ஸ்போக்ஸ் கம்பியை ஒட்டியாகிவிட்டது. அது எப்படி ஒன்றாகும்?

சுருள்பித்தன், 12:45
சுருள் பிக்கப் போட்டிருந்தால் இந்த இழை நேற்றே முடிந்திருக்கும்.

மூங்கில்75, 1:10
இரண்டு பேர் சொல்வதையும் வைத்தே வழி இருக்கிறது. 18-இல் வைத்த மெட்டுகள் ஏறக்குறைய 635 மி.மீ. நீளத்துக்குப் பொருந்தும், 12ஆம் மெட்டு வரை ஒவ்வொரு இடத்திலும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட வராது. அதனால் மெட்டைத் தொடாமல் பிரிட்ஜை நட் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். கணக்குப்படி 5 மி.மீ., அழுத்துவதால் சுருதி ஏறுவதால் அதைவிடக் குறைவாகத்தான் வேண்டியிருக்கும். 12ஆம் மெட்டுக்கு மேலே தந்தியை லேசாகத் தொட்டு ஒரு முறை மீட்டுங்கள், அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். தகரத்தந்தி, மேல் மெட்டுகளில் சுருதி இறங்கித்தானே இருக்கிறது? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

ஈயப்பற்று, வெள்ளி இரவு 9:05
பூச்சைத் தேய்த்தீர்களா? பீப் வந்ததா?

தகரத்தந்தி, ஞாயிறு காலை 7:20
தேய்த்ததும் இரைச்சல் போய்விட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே தங்க நிறப் படலம், உரித்தால் உள்ளே வெள்ளை. பஃபருக்கு நேரம் இல்லை, பக்கத்து வீட்டு அண்ணனிடம் கிட்டார் ஆம்ப் வாங்கி மாட்டினோம். கீழ்த்தந்தி முதல் தடவையாகக் கேட்டபோது மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரிட்ஜையும் 3 மி.மீ. நகர்த்தினேன். நேற்று நன்றாக வாசித்தாள். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பசைவாளி, 7:41
மிக்க மகிழ்ச்சி! மகளுக்கு வாழ்த்துகள்.

மெட்டுக்கணக்கு, 8:02
3 மி.மீ. எந்தப் பக்கம் நகர்த்தினீர்கள்? கழுத்து முனையில் உள்ள நட்டை நோக்கியா, எதிர்ப்பக்கமா?

மெட்டுக்கணக்கு, செவ்வாய் இரவு 10:30
தகரத்தந்தி, எந்தப் பக்கம்?