அலுமினா வில்லைக்கு மரவள்ளிக் கஞ்சி போதுமா?

சூளைப்பூனை: அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தூளை அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு வில்லை செய்கிறேன். தூளை ஒட்டிப் பிடிக்கும் பைண்டர் இதுவரை பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) தான். பெட்ரோலியப் பசை எதற்கு என்று மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சிக் கலந்தேன். மூன்றில் ஒன்று அச்சிலிருந்து தள்ளும்போதே அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. அப்படியும் சொல்கிறேன், இனி மாவுதான்.

பழைய ஃபோர்மேன்: தம்பி, பைண்டர் சூளை ஏறும்வரை துணைக்கு வரும் ஆள். 500 டிகிரிக்குள் எரிந்து போய்விடும். நீங்கள் போடுவது தூளின் எடையில் 2 சதவீதம் இருக்குமா? சுடுவதோ 1600 டிகிரியில். அந்த எரிபொருள் கணக்கை விட்டுவிட்டுக் கஞ்சியில் பூமியைக் காப்பாற்றுகிறீர்கள். போதாக்குறைக்கு மாவு ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு மாதிரி வரும், இரண்டு நாளில் புளிக்கும். பி.வி.ஏ. கரைசல் அவ்வளவு சீக்கிரம் கெடாது.

ஈரக்கை: எரிபொருள் கணக்கு சரி அண்ணே. ஆனால் சூளைக்கு முன்னால் ஒரு மனுஷன் கை வைத்துக் கலக்குகிறானே? தூள் குழம்பை அச்சில் ஊற்றி ஜெல்லாக இறுக்கும் ஜெல் காஸ்டிங் முறை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உருவானபோது, இறுக்குவதற்கு ஆரம்ப காலத்தில் எடுத்தது அக்ரிலமைடு. நரம்பைக் கெடுக்கும் விஷம். அந்த இடத்தில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் வந்தால் லாபம் முதலில் தொழிலாளிக்கு. அப்புறம், மாவு வெறும் பசையும் இல்லை. காய்ச்சாத மாவை அலுமினாக் குழம்பில் கலந்து, அச்சில் ஊற்றி 70 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். மாவு மணிகள் ஊதித் தண்ணீரை உறிஞ்ச, குழம்பு அப்படியே இறுகிவிடும். தண்ணீரை இழுக்கும் ஜிப்சம் அச்சே வேண்டாம்.

பழைய ஃபோர்மேன்: இறுகும். சுட்ட பிறகு மணி இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஃபில்டருக்கு அது வரம், இன்சுலேட்டருக்குச் சாபம். ஃபில்டர் என்றால் நானும் உங்கள் கட்சி. இன்னொரு கடற்பாசிப் பசையான சோடியம் ஆல்ஜினேட் பக்கம் மட்டும் போகாதீர்கள், சோடியம் எரியாமல் உள்ளேயே தங்கும்.

ஈரக்கை: அதற்கு அம்மோனியம் ஆல்ஜினேட் இருக்கிறது. பூனை, உங்கள் வில்லை பெயர்ந்ததற்கு மாவை மட்டும் திட்டாதீர்கள். காய்ந்த கஞ்சி அப்பளம் மாதிரி நொறுங்கும். துளி கிளிசரின் விட்டீர்களா? அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றினால் காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சூளைப்பூனை: கிளிசரின் விடவில்லை. அழுத்தியதும் அவசரமாகத்தான். நாளைக்கே மறுபடி பார்க்கிறேன். ஆனால் புதுக் கஞ்சி காய்ச்ச வேண்டும், பழையது மூடியைத் திறந்தாலே நாறுகிறது.

பழைய ஃபோர்மேன்: இரண்டு நாள் என்றேனே.