கேப் போட்ட பல் முதலில் முட்டுகிறது, பழகிவிடுமா?

நிலாமுற்றம்:
வணக்கம். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் முடித்து, போன வாரம் ஸிர்கோனியா கேப் (பீங்கான் வகை உறை) ஒட்டினார்கள். அப்போது வாய் மரத்திருந்ததால் கடித்துப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. மரப்பு விட்டபின் பார்த்தால், வாயை மூடும்போது அந்தப் பல்தான் முதலில் மேல்பல்லில் முட்டுகிறது. அழுத்திக் கடித்தால் வலிக்கவும் செய்கிறது. நரம்பைத்தான் எடுத்தாயிற்றே, பிறகு வலி எங்கிருந்து வருகிறது? "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள் வீட்டில். ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) போட்டால் கேப் கழன்றுவிடுமோ என்று அந்தப் பக்கமே போவதில்லை, பிரஷும் மேலோட்டமாகத்தான். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்களேன்.

மெழுகுச்சிற்பி:
நான் டாக்டர் இல்லை, கேப் செய்கிற லேபில் டெக்னீஷியன். பல வருஷமாக இதுதான் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பழகட்டும் என்று விடாதீர்கள். நாளைக்கே போன் பண்ணி நேரம் வாங்குங்கள். ரூட் கெனாலில் எடுப்பது பல்லுக்கு உள்ளே இருக்கும் நரம்பை. வேரைச் சுற்றி, பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்த்திசு அப்படியேதான் இருக்கிறது, அதற்கு உணர்ச்சி உண்டு. 20 மைக்ரான் அளவு மெல்லிய பொருள் இடையில் சிக்கினாலே நம் பற்களுக்குத் தெரிந்துவிடும். உயரமாக நிற்கும் கேப் ஒவ்வொரு கடியிலும் அந்தத் திசுவை நசுக்குகிறது. விட்டுவைத்தால் எதிரே இருக்கும் மேல்பல்லும் வலிக்க ஆரம்பிக்கும்.

சரிசெய்வது சின்ன வேலைதான். வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாக மை பதிந்த இடத்தை லேசாகத் தேய்ப்பார்கள். கேப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: தேய்த்த இடத்தைப் பாலிஷ் செய்யச் சொல்லுங்கள். பளபளப்பான ஸிர்கோனியா எதிர்ப்பல்லை அதிகம் உரசாது, சொரசொரப்பாக விட்டால் அதைத் தேய்த்துவிடும். அவசரத்தில் விட்டுப்போகிற வேலை இது.

அடுத்தது நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது. எனக்குக் கவலை இதில்தான். மறுபடி செய்வதற்காக லேபுக்குத் திரும்பி வரும் பழைய கேப்களைப் பார்த்திருக்கிறேன். பல கேப்களில் கீறல்கூட இருக்காது, ஆனால் அது உட்கார்ந்திருந்த பல் சொத்தையாகிப் போயிருக்கும். கேப்புக்குச் சொத்தை வராது, அதன் ஓரம் முடிந்து உங்கள் சொந்தப் பல் தொடங்கும் கோட்டில் வரும். நாங்கள் மார்ஜின் என்போம். ஈறை ஒட்டியே இருக்கும் அந்தக் கோட்டில்தான் அழுக்கு சேரும். பிரஷை ஈறுப் பக்கம் சாய்த்துப் பிடித்து அங்கே மெதுவாகத் தேயுங்கள். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் போதும். ரூட் கெனால் செய்த பல் என்பதால் உள்ளே சொத்தை போனாலும் கூசிக் காட்டாது, அதனால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஸ் தாராளமாகப் போடலாம். தற்காலிக கேப் என்றால்தான் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவ வேண்டும். உங்களுடையது நிரந்தரமாக ஒட்டியது, சரியாக ஒட்டியிருந்தால் நூலுக்கெல்லாம் அசையாது. நூல் எப்போதும் ஒரே இடத்தில் சிக்கிப் பிரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மிச்ச சிமென்ட் அங்கே ஒட்டியிருக்கலாம், அதுவும் ஈறை வீங்க வைக்கும்.

காலைநடை:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது கேப் கழன்று வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கழுவி ஒரு டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள். பெவிகுயிக் மாதிரி பசை எதையும் தொடவே கூடாது. கேப்பைச் சும்மா பொருத்திக்கொண்டு தூங்கவும் கூடாது, தொண்டைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. போவதைத் தள்ளிப்போட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, அதே கேப் மறுபடி உட்காராமல் போகலாம்.

நிலாமுற்றம்:
மெழுகுச்சிற்பி அண்ணா, ரொம்ப நன்றி. இன்று போய்த் தேய்த்துவிட்டு வந்தேன், பாலிஷும் கேட்டுச் செய்துகொண்டேன். இப்போது இரண்டு பக்கமும் ஒன்றாகப் படுகிறது. அழுத்தினால் லேசாக வலி மிச்சம் இருக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். வீட்டில் விசாரித்தால் உண்டு என்கிறார்கள்!

மெழுகுச்சிற்பி:
நசுங்கிய திசு ஆற நாள் பிடிக்கும், அதுவரை கடினமானதை மறுபக்கம் மெல்லுங்கள். வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, ஈறு வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். பல் கடிக்கும் பழக்கத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், இரவில் போட்டுக்கொள்ள நைட் கார்டு, அதாவது பற்களைக் காக்கும் உறை, செய்யச் சொல்வார். கேப் போட்ட பிறகு எடுக்கும் அளவில் செய்தால்தான் அது சரியாகப் பொருந்தும். முன்பே ஒன்று வைத்திருந்தால் அதையும் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.