பக்கத்துத் துறை டிஜிட்டல் செட்டோடு எங்கள் வாக்கி டாக்கி பேசவில்லை, உதவி தேவை

கேள்வி (பொள்ளாச்சி பக்கம்):
வணக்கமுங்க. ஆனைமலை அடிவாரத்தில் காட்டுத்தீ குழுவின் வயர்லெஸ் செட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுடையது பழைய அனலாக் வி.எச்.எஃப். கூட வரும் தீயணைப்பு வண்டியில் புது டி.எம்.ஆர். டிஜிட்டல் செட். கூட்டு வேலைக்கென அனுமதி வாங்கிய ஒரே அலைவரிசையை இரண்டிலும் போட்டாயிற்று. அவர்கள் பேசினால் எங்கள் செட்டில் பச்சை விளக்கு எரிகிறது, சத்தம் வருவதில்லை. நாங்கள் பேசினால் அங்கே ஒன்றுமே கேட்பதில்லை. பங்குனி வெயிலில் சருகு பற்றிக்கொண்டால் தகவல் சொல்ல ஆள்தான் ஓட வேண்டியிருக்கிறது. காற்று திரும்பினால், மேலே தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்களுக்கு யார் சொல்வது?

பதில் (திருப்பூர்):
விளக்கு எரிகிறதென்றால் அலை வந்து சேர்கிறது. ஆண்டெனாவில் கை வைக்காதீர்கள். அவர்கள் பேசும்போது மானிட்டர் பட்டனை அமுக்கிப் பிடியுங்கள். என்ன கேட்கிறது?

கேள்வியாளர்:
பார்த்தேனுங்கண்ணா. ட்ரில் ஓடுகிற மாதிரி ‘டர்ர்ர்’ என்று மட்டும்.

பதில் (திருப்பூர்):
அப்போ அந்தச் சேனல் அங்கே டிஜிட்டலில் ஓடுகிறது. டி.எம்.ஆர். குரலை எண்களாக்கி, 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் மாறி மாறி வரும் இரண்டு நேரத்துண்டாக (டைம் ஸ்லாட்) பிரித்து அனுப்பும். அனலாக் செட்டுக்கு அது வெறும் இரைச்சல். அந்த இரைச்சலையும் உங்கள் டோன் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி; அது பொருந்தாவிட்டால் ஸ்பீக்கர் திறக்காது) அடைத்துவிடுவதால்தான், அந்தப் பூட்டைத் திறக்கும் மானிட்டரை அமுக்காதவரை மௌனம். பெரும்பாலான டி.எம்.ஆர். செட் அனலாக்கிலும் பேசும். கூட்டுச் சேனலை மட்டும் அனலாக்காக மாற்றித்தரச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பதில் (ஈரோடு):
தம்பி, மாற்றும்போது சேனல் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் 25 கிலோஹெர்ட்ஸ், அவர்கள் 12.5 என்றால் அவர்கள் குரல் உங்களுக்கு மெலிந்து கேட்கும், உங்கள் குரல் அங்கே உடைந்து போகும். அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை நம்பாமல் செட்டுக்குச் செட் நேரடியாகப் பேசும் சேனலாக வையுங்கள். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் ரிப்பீட்டர் எட்டாமல் போகலாம். இரண்டும் வி.எச்.எஃப். என்ற ஒரே பேண்ட் (அலைவரிசை வரம்பு) என்பதால் தப்பித்தீர்கள். அவர்களுடையது அதைவிட உயர்ந்த யு.எச்.எஃப். பேண்ட் மட்டும் என்றால், ஒரு பக்கக் குரலை மறுபக்கம் மாற்றிவிடும் கேட்வே கருவியை நடுவில் வைத்துத்தான் கோக்க முடியும்.

கேள்வியாளர்:
மாற்றிவிட்டார்கள். அவர்கள் குரல் கணீரென்று வருகிறது. எங்களுடையது மட்டும் அங்கே போகவில்லை.

பதில் (திருப்பூர்):
அங்கே ரிசீவ் டோன் என்ன என்று பாருங்கள். டிரான்ஸ்மிட், ரிசீவ் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு.

கேள்வியாளர்:
அதேதானுங்க, ரிசீவில் வேறு எண் கிடந்தது. சரிசெய்ததும் இரண்டு பக்கமும் பேசுகிறது. ரொம்ப நன்றிங்க.

பதில் (ஈரோடு):
நல்லது. அப்புறம் ஒன்று: வண்டி செட், கைச் செட் எல்லாவற்றிலும் அந்தச் சேனல் ஒரே எண்ணில் இருக்கட்டும். புகைக்குள் நின்று திரையைப் படிக்க முடியாது.