நியூயார்க்கிலிருந்து செல்லூர் வர எத்தனை மணி நேரம்?

மதுரை செல்லூரிலிருந்து:

அப்பா இறந்தது ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை அதிகாலை 1 மணிக்கு. நியூயார்க்கில் இருக்கும் அண்ணனுக்கு அப்போது திங்கள் மதியம் மூன்றரை. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை அவர்தான். விடிந்ததும் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: "பெரியவன் எப்ப வந்து சேருவான்? எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?"

சித்தப்பா செல்போனில் தூரம் பார்த்தார். நேர்கோட்டில் சுமார் 13,700 கி.மீ. "மணிக்கு 900 போனாலும் பதினஞ்சு மணி நேரம்தானப்பா, ராத்திரிக்குள்ள வந்துருவான்" என்றார். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கோட்டில் பறக்கிற விமானம் இல்லையே.

கிடைத்தது துபாய் வழி. துபாய் வரை 11,000 கி.மீ., பன்னிரண்டரை மணி நேரம். அங்கே நான்கு மணி நேரம் காத்திருந்து, சென்னைக்கு இன்னொரு நான்கு. டிக்கெட்டில் திங்கள் இரவு 11 மணிக்குப் புறப்பாடு, புதன் காலை 5 மணிக்குச் சென்னை என்று இருந்ததைக் கேட்டதும் அம்மா உடைந்துவிட்டார். "முப்பது மணி நேரமா அவன் ஆகாசத்துல இருப்பான்?" என்று அழுதார். கோடையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அதைக் கழித்தால் இருபதரைதான். அப்புறம் ஒரு தாளில் எல்லாவற்றையும் நம் நேரத்துக்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன்: புறப்பாடு செவ்வாய் காலை 8.30, துபாய் இரவு 9, சென்னை புதன் காலை 5. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தத் தாளையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் மதுரை விமானத்துக்கு இடம் கிடைக்கவில்லை. கார் பிடித்து 460 கி.மீ. வந்து, மதியம் ஒன்றரைக்கு அண்ணன் வாசலில் இறங்கினார். அப்பா போய் முப்பத்தாறரை மணி நேரம் ஆகியிருந்தது. நாலு மணிக்குத் தத்தனேரி மயானத்துக்கு எடுத்தோம்.

மேலூரிலிருந்து:

படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் சிங்கப்பூரில் இருந்தவன். மதுரைக்கு 3,000 கி.மீ., நேர் விமானம் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அம்மாவுக்கு முடியாமல் போன அன்று மதுரைக்கு விமானம் கிடைக்கவில்லை. திருச்சியில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து மேலூர் இரண்டு மணி நேரத்துக்குள்தான். காலையில் சேதி, பொழுது சாய்வதற்குள் அம்மா கையைப் பிடித்துவிட்டேன். மதுரை மட்டும் பார்க்காமல் திருச்சியையும் பாருங்கள்.

திருமங்கலத்திலிருந்து:

தம்பி, மகள் பிரசவத்துக்கு நானும் இதே வழியில்தான் போய் வந்தேன். துபாயிலிருந்து நியூயார்க் போகும்போது பதினாலு மணி நேரம், வரும்போது பன்னிரண்டரை. மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசுமாம், மாப்பிள்ளை சொன்னார். அண்ணன் திரும்பும்போது நேரம் கூடுதலாகத்தான் ஆகும். அம்மாவிடம் அதை முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் போன் வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது.