நாலு வருஷம் பாக்காம விட்ட தோட்டம், கைல காசும் கம்மி – என் அனுபவம் இது, உங்களோடதும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது, இன்னிக்குத்தான் உக்காந்தேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து குனிய முடியாமப் போனதுல இருந்து வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தோட்டத்துல யாரும் கால் வைக்கல. நாலு வருஷம். நான் மறுபடி அந்த வீட்டுக்கே வந்து சேந்து பின்கதவத் தொறந்தா இடுப்பளவு களை, அதுக்குள்ள உடைஞ்ச தொட்டி, துருப்பிடிச்ச வாளி, எப்பவோ கட்டட வேலை முடிஞ்சப்ப மிச்சமான செங்கல் குவியல், ஒரு மூலைல காய்ஞ்ச இலை முழங்கால் ஒசரத்துக்கு. அம்மா ஜன்னல்ல நின்னு பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "அந்த செம்பருத்தி இருக்காம்மா?" எனக்கு பதில் சொல்லத் தெரியல. அது இருந்த எடத்துல வெறும் குச்சியாத்தான் நின்னுட்டு இருந்துச்சு.

முதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடறேன், வேற யாருக்கும் அது நடக்கக் கூடாது. இருந்த பட்ஜெட்டே கம்மி, அதுல பாதிக்குப் பக்கமா முதல் மாசமே செடிக்கும் மண்ணுக்கும் போட்டுட்டேன். பூத்து நிக்கிற செடியாப் பாத்து வாங்கிட்டு வந்து, களைய மேலோட்டமா வெட்டிப் போட்டுட்டு அந்தக் கட்டாந்தரையிலயே குழி தோண்டி வச்சேன். வெயில் வேணுங்கற செடி சுவத்து நிழல்ல போச்சு, நிழல் கேக்குறது மத்தியான வெயில்ல நின்னுச்சு, ஆறு வாரத்துல முக்காவாசி போயிடுச்சு. மண்ணும் ஒரு லோடு எறக்குனேன், பாக்க பொலபொலன்னு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உள்ள பூரா கோரைக்கிழங்கு. வித்தவங்ககிட்ட கேட்டா "மண்ணுன்னா புல்லு இருக்கத்தான் செய்யும்"னு முடிச்சுட்டாங்க. மண்ணு வாங்குறவங்க எறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு எடத்துல அள்ளி சலிச்சுப் பாருங்க, ப்ளீஸ்.

கோரையப் பத்தி தனியாவே சொல்லணும். மேல பாத்தா சாதாரணப் புல்லுதான், இழுத்தா சுளுவா கையோட வந்துரும், வேலை முடிஞ்சதுன்னு நெனச்சுருவோம். பத்து நாள்ல அதே எடத்துல மறுபடி நிக்கும். ஒருநாள் மண்ணு ஈரமா இருக்கப்ப கார்டன் ஃபோர்க்க ஆழமா எறக்கி மெதுவா நெம்பிப் பாத்தேன். மெல்லிசா நூல் மாதிரி வேர் போகுது, அதுல மணி கோத்த மாதிரி கருப்பு கருப்பா சின்னக் கிழங்கு, ஒண்ணுல இருந்து அடுத்தது, அதுல இருந்து அடுத்தது. நகத்தால கிள்ளினா உள்ள வெள்ளையா இருக்கு, கும்முனு ஒரு வாசம். நம்ம புல்ல இழுக்கும்போது அறுந்து வர்றது அந்த நூல்தான், கிழங்கு உள்ளயே பத்திரமா இருக்கும். ப்ளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினாலும் அதையே குத்திட்டு வெளிய வர்ற சாதி இது. நெம்பி எடுத்து, மண்ண சலிச்சு, அப்புறமும் தலை காட்டுற முளைய ரெண்டு மூணு வாரத்துக்குள்ள எடுத்துட்டே இருக்கணும், புதுக் கிழங்கு கட்ட விடக் கூடாது, எனக்குத் தெரிஞ்சு அவ்வளவுதான் வழி. எடுத்த கிழங்க கம்போஸ்ட்ல போட்டுடாதீங்க, அது அங்கயும் முளைக்கும்.

இதெல்லாம் பட்டதுக்கப்புறம் ஒரு முடிவு பண்ணேன், இனி ஒரு மாசம் எதுவும் வாங்குறதில்ல, என்ன இருக்குன்னு மட்டும் பாக்குறது. காலைல எட்டு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் நாலு, இந்த மூணு நேரமும் ஒரே எடத்துல நின்னு போன்ல போட்டோ எடுத்து வச்சேன். ஒரு வாரத்துலயே தெரிஞ்சு போச்சு, 6 மணி நேரத்துக்கு மேல நேரடி வெயில் விழுற எடம் நடுவுல ஒரு பட்டைதான், பூச்செடி காய்கறி எல்லாத்துக்கும் அதுதான் எடம். சுவத்தோரம் காலை வெயில் மட்டும். மரத்தடி முழு நிழல். காசே செலவில்லாத வேலை இது, ஆனா இதுக்கப்புறம் வச்ச செடில, மரத்தடிய விட்டா, ஒண்ணு கூட எடம் தப்பிப் போய் சாகல.

அப்பத்தான் செம்பருத்திகிட்டயும் போனேன். நுனிக் குச்சில நகத்த வச்சு லேசா பட்டைய சுரண்டினேன், உள்ள பழுப்பு, மடக்குனா படக்குனு ஒடியுது. ஒரு முழம் கீழ வந்து சுரண்டினேன், அங்கயும் பழுப்பு. இன்னும் கீழ, என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல ஒரு கணுகிட்ட சுரண்டினப்போ பட்டைக்கு அடில ஈரமா ஒரு பச்சை. நெல்லு மொனை அளவுதான் இருக்கும். அப்படியே ஓடிப்போய் அம்மாகிட்ட சொன்னேன், உயிர் இருக்கும்மான்னு. அவங்க ஒண்ணும் பேசல, ஜன்னல்கிட்ட நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டாங்க.

செத்த கிளை எல்லாத்தையும் பச்சை தெரியுற எடம் வரைக்கும் வெட்டினேன், கணுவுக்குக் கொஞ்சம் மேல சாய்வா. மிச்சமிருந்த பழைய கிளைய ஒரே தடவைல மொட்டையடிக்கல, மூணுல ஒரு பங்கு கவாத்து பண்ணிட்டு தழைஞ்சதுக்கப்புறம்தான் அடுத்தது. கிளை இடுக்குல பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி, கூடவே எறும்பு ஏறி எறங்கிட்டு இருந்துச்சு. அந்தப் பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்பே அதுக்குக் காவல் நிக்கும், அதனால ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். தண்ணிய வேகமா அடிச்சுக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்புக் கரைசலோட கலந்து சாயங்காலமா அடிச்சேன், வாரம் ஒருக்கா, நாலு தடவை. அஞ்சாவது வாரம் அடித்தண்டுல இருந்து சிவப்பா முளை வந்துச்சு.

அடுத்தது மண்ணு. இங்கதான் மிச்சக் காசு பூரா போட்டேன், போட்டது சரின்னு இன்னிக்கும் சொல்வேன். அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணப் போட்டு, தண்ணி ஊத்தி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு நல்லாக் குலுக்கி வச்சேன். மணல் ஒரு நிமிஷத்துலயே கீழ உக்காந்துரும், வண்டல் ரெண்டு மணி நேரம் எடுக்கும், களி தெளிய ஒருநாளுக்கு மேல ஆகும். எனக்கு பாதிக்கு மேல களி. களிமண்ணுல மணல் கலந்தா சரியாயிரும்னு நாலு பேர் சொன்னாங்க, கேக்காதீங்க, கொஞ்சமா மணல் கலந்தா சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிரும். மக்கின உரம்தான் களிய ஒடைக்கும். நல்லா மக்கின தொழு உரம் வாங்கி மேல ஒரு விரக்கடை மொத்தத்துக்குப் பரப்பி ஃபோர்க்கால லேசாக் கெளறி விட்டேன். ஈரமா கொழகொழன்னு இருக்கப்ப கெளறக் கூடாது, ஒரு பிடி எடுத்து உருட்டித் தட்டினா உதிரணும், அந்தப் பதம்.

மூலைல கிடந்த அந்தக் காய்ஞ்ச இலைதான் எனக்குக் கெடச்ச புதையல். அடில இருந்தது ஏற்கனவே கருப்பா மக்கிப் போயிருந்துச்சு, அத நேரா மண்ணுல சேத்தேன். மேல இருந்தது மூடாக்குக்கு, அதாவது மண்ணு மேல போட்டு மூடி வைக்க. கோரை இல்லாத பக்கம் சாதா அட்டைப்பெட்டிய டேப்பு, பின்னு எல்லாம் எடுத்துட்டு, ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி விரிச்சு, நனைச்சு, மேல நாலு விரக்கடைக்கு இலை. வெளிச்சம் இல்லாம அடில இருக்கிற களை செத்துரும், அட்டையும் சில மாசத்துல மக்கிரும். செடித் தண்டச் சுத்தி மட்டும் ஒரு சாண் விட்டுருங்க, ஒட்டினாப்ல இருந்தா அழுகும்.

செடிக்கு அப்புறம் காசு போகவே இல்ல. செம்பருத்தி கவாத்து பண்ணதுல உயிரோட இருந்த குச்சி, தெரிஞ்சவங்க வீட்டுல கேட்டு வாங்குன குரோட்டன்ஸ், காகிதப்பூ எல்லாத்தையும் பென்சில் மொத்தத்துக்கு, 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கிட்டேன். அடிப்பக்கம் சாய்வா, மேல்பக்கம் நேரா வெட்டுங்க, தலைகீழா நட்டுற மாட்டோம். ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும், நிழல்ல வைக்கணும், ஒரு மாசம் ஒன்றரை மாசம் தொடவே கூடாது. இருபது வச்சதுல பதிமூணு புடிச்சுது. கல்வாழை ஒரே புதரா மண்டிக் கெடந்துச்சு, கிழங்கப் பிரிச்சு ஏழு எடத்துல நட்டேன். செங்கல் நடைபாதைக்கு ஆச்சு. உடைஞ்ச தொட்டில சைடுல உடைஞ்சத கத்தாழைக்கு வச்சுக்கிட்டேன்.

செலவுன்னு பாத்தா முதல் மாசம் வீணாப் போனது போக ஒரு நல்ல ப்ரூனிங் கட்டர், ஒரு ஃபோர்க், தொழு உரம், இவ்வளவுதான். எட்டு மாசம் ஆகுது. மரத்தடி நிழல் மூலை மட்டும் இன்னும் மொட்டையா கிடக்கு, அங்க என்ன வச்சாலும் நிக்கல. யாராவது அந்த மாதிரி எடத்த சரி பண்ணியிருந்தா சொல்லுங்க.

* * *

அக்கா, படிக்கப் படிக்க எங்க வீட்டுப் பின்கட்டு ஞாபகந்தான் வந்துச்சு. அட்டை விஷயத்துல மட்டும் எனக்கு நடந்தத சொல்றேன். நானும் அதே மாதிரி விரிச்சேன், ஆனா வீட்டுச் சுவத்த ஒட்டி விரிச்சுட்டேன். மூணு மாசம் கழிச்சு ஒரு ஓரத்தத் தூக்கிப் பாத்தா அட்டைக்கு அடில மண்ணுக் குழாய் மாதிரி வரிவரியா போயிருக்கு, கரையான். அட்டையும் காகிதம்தான, அதுக்கு சாப்பாடு. நல்லவேளை கதவு நிலைக்கு வர்றதுக்குள்ள பாத்தேன். அத்தனையும் எடுத்துட்டு சுவத்துல இருந்து ஒரு மீட்டருக்கு வெறுந்தரையா விட்டுட்டேன். தோட்டத்துக்கு நடுவுல அட்டை போட்டத எடுக்கல, அங்க ஒரு பிரச்சனையும் இல்ல. கரையான் இருக்கிற எடத்துல இருக்கவங்க மாசம் ஒருக்கா தூக்கிப் பாத்துக்கங்க.

* * *

நான் வாடகை வீடு, பின்னாடி கொஞ்சம் எடம். எனக்குப் பெரிய பிரச்சனை தண்ணி. குழாய்த் தண்ணிய நம்பி தோட்டம் வைக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் ஒரு பழைய ட்ரம் வாங்கி ஷெட் கூரைத் தண்ணி அதுல விழுற மாதிரி பண்ணேன். கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு சதுர மீட்டர் கூரைல 1 மி.மீ. மழை விழுந்தா 1 லிட்டர். என் ஷெட்டு 10 சதுர மீட்டர், 20 மி.மீ. மழை ஒருநாள் பெஞ்சா 200 லிட்டர் ட்ரம் ரொம்பிரும், சிந்துறது போக கொஞ்சம் கொறையும். முதல் மழை கூரை அழுக்க கழுவிட்டு வரும், அத விட்டுருங்க. மூடி கட்டாயம் வேணும், இல்லன்னா வல கட்டுங்க, கொசு முட்டைல இருந்து பறக்குறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். முந்தி தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சுட்டு இருந்தேன், வேர் மேலாப்லயே நின்னுருச்சு, ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா எல்லாம் தொவண்டு கிடக்கும். இப்ப விரல விட்டுப் பாத்து ரெண்டு கணு ஆழத்துக்குக் காய்ஞ்சிருந்தாத்தான் ஊத்துறேன், ஊத்தும்போது நல்லா எறங்குற மாதிரி.

* * *

அம்மாவப் பத்தி எழுதுனது மனசத் தொட்டுச்சு மேடம். நிழல் மூலை எனக்கும் இருந்துச்சு. நானும் செடி மாத்தி மாத்தி வச்சுப் பாத்தேன், எல்லாம் போச்சு. அப்புறம்தான் புரிஞ்சது, நிழல் மட்டும் காரணம் இல்ல, மரத்து வேர் மேலாப்லயே ஓடுது, நம்ம ஊத்துற தண்ணிய அதுவே குடிச்சுருது. குழி தோண்டி வேர வெட்டினா மரம் பாதிக்கும், மேல மண்ணு கொட்டி ஒசத்துனா வேருக்குக் காத்து போகாது. நான் அங்க நடுறதையே விட்டுட்டு தொட்டில வச்சேன், மணி ப்ளாண்ட், ஸ்நேக் ப்ளாண்ட், பெரணி. தொட்டிக்கு அடில ரெண்டு செங்கல். ரெண்டு வருஷமா நல்லா இருக்கு.

இன்னொண்ணு, பாத்தி கட்ட பழைய பலகை கெடைச்சா எல்லாத்தையும் எடுத்துடாதீங்க. பச்ச நெறம் ஓடுன மருந்தடிச்ச பழைய மரத்துல ஆர்சனிக் இருக்க வாய்ப்பு இருக்கு, சாப்பிடுற செடிப் பக்கத்துல வேணாம், அத எரிக்கவும் கூடாது, பொகையும் சாம்பலும் விஷம்.

* * *

தம்பி, ட்ரம் போட்டவங்க, மேடம்னு கூப்பிட்டவங்க, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கரையான் விஷயம் படிச்ச ஒடனே எழுந்து போய்ப் பாத்தேன், சமையக்கட்டுச் சுவத்தோரம் நானும் ஒரு வரிசை விரிச்சிருக்கேன், மேலாப்ல ஒண்ணும் தெரியல, நாளைக்கு வெளிச்சத்துல முழுசா எடுத்துடறேன். வேர் மேலாப்ல ஓடுறது எங்க மூலைலயும் அதேதான், இத்தன மாசமா மண்ணத்தான் கொற சொல்லிட்டு இருந்தேன். தொட்டி யோசனைய அம்மாகிட்ட சொன்னதும் அவங்களே தாழ்வாரத்துல இருக்கிற மணி ப்ளாண்ட்ல எந்தக் கொடிய வெட்டணும்னு கைய நீட்டிக் காட்டுனாங்க. ஒரு சந்தேகம், பெரணிய தாய்ச்செடில இருந்து பிரிக்கிறப்ப வேரோட மண்ணு உதிர்ந்துருமா, அப்படியே கட்டியா எடுக்கணுமா? செஞ்சவங்க சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை உக்காரலாம்னு இருக்கேன்.