புராஸ்டேட் அறுவை சிகிச்சையில் ரோபோவின் பங்கு எவ்வளவு?

கேள்வி
என் தந்தைக்குப் புராஸ்டேட் புற்றுநோய் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. சுரப்பியை முழுவதுமாக அகற்ற வேண்டும் என்றும், ரோபோ மூலம் செய்வது நல்லது, ஆனால் செலவு கணிசமாகக் கூடும் என்றும் மருத்துவர் கூறுகிறார். அந்தக் கூடுதல் பணத்துக்கு எங்களுக்குக் கிடைப்பது என்ன? இயந்திரம் தானாகவே அறுத்துவிடுமோ என்று அம்மா வேறு அஞ்சுகிறார்.

பதில் (மருத்துவக் கருவிப் பொறியாளர்)
அம்மாவின் அச்சத்துக்கு இடமில்லை. டா வின்சி என்ற அறுவை ரோபோவில், சற்றுத் தள்ளி அமர்ந்து முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி மருத்துவர் கைப்பிடிகளை அசைக்கிறார். நோயாளியின் மேல் நிற்கும் இயந்திரக் கைகள் அந்த அசைவைச் சிறிதாக்கி, கைநடுக்கத்தையும் வடிகட்டி, அப்படியே செய்கின்றன. அவர் பார்வைப் பெட்டியிலிருந்து தலையை எடுத்தால் கருவிகள் அசையாமல் நின்றுவிடும். சிறு துளைகள் வழியே செய்யும் வழக்கமான லேப்ராஸ்கோப்பிக் அறுவையின் கருவிகள் பெரும்பாலும் நுனி மடங்காதவை. இதிலோ நுனியில் மணிக்கட்டைப் போன்ற மூட்டு உண்டு. சுரப்பியை எடுத்த பிறகு சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் குறுகலான இடுப்புக்குழிக்குள் இணைத்துத் தைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். செலவு கூடுவதற்கு இயந்திரத்தின் விலை மட்டும் காரணமன்று. கருவிகள் பலவற்றையும் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் இயந்திரம் ஏற்காது, புதிதாக வாங்கியாக வேண்டும்.

பதில் (சிறுநீரியல் அறுவை மருத்துவர்)
அந்த அருமை மருத்துவருக்கா, நோயாளிக்கா என்பதையும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, வயிற்றைக் கீறித் திறந்து செய்யும் திறந்த அறுவையையும் ரோபோ அறுவையையும் ஒப்பிட்ட ஆய்வின் முதல் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. ரோபோ பிரிவில் இரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலுறவுத் திறனிலும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒவ்வொரு முறையையும் ஒரே ஒரு மருத்துவரே செய்தார் என்பதால், ஒப்பிடப்பட்டவை முறைகளா, கைகளா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆகவே, உங்கள் மருத்துவர் இம்முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஓராண்டுக்குப் பின் அவர்களில் எத்தனை பேருக்குச் சிறுநீர் கசிகிறது என்று தயங்காமல் கேளுங்கள். திறந்த அறுவையில் தேர்ந்தவர் அருகில் இருந்தால், ரோபோ இல்லை என்பதற்காக அவரை ஒதுக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி, ஐயா. தந்தைக்குக் கண்ணில் க்ளாக்கோமா என்ற கண்ணழுத்த நோயும் உண்டு. அது தடையாகுமா?

பதில் (சிறுநீரியல் அறுவை மருத்துவர்)
இச்சிகிச்சையில் தலைப்பக்கத்தை நன்கு தாழ்த்திப் படுக்க வைத்து, வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்வதால் கண்ணழுத்தம் உயரும். கண் மருத்துவரின் கருத்தைப் பெற்று, மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.